கோஷ்தாபாவுக்கு ஒரு விண்ணப்பம்

சொந்த உபயோகத்துக்காக ஆடு கொண்டுவருகிறவர் அதைப் பொது அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். அறுத்தபின் கால்நடை மருத்துவரின் முத்திரை பெற்று, இறைச்சியை உடனே எடுத்துக்கொண்டு போகலாம். விற்பனைக்குப் போகும் இறைச்சி மட்டும் குளிர்வண்டியில் போக வேண்டும். விதி இவ்வளவுதான். அறுப்புக்கூடத்து வாசலில் நான்கு மொழிகளில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதில் எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளில் அதைப் படித்தேன். படித்த பிறகும் ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

முப்பத்தொரு வருட நிர்வாக வேலையில் நான் எழுதியிருக்கவே கூடாத கடிதம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற கடிதங்களைப் பற்றி அவற்றைப் பெற்றவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

அப்போது வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில், கட்டடங்களுக்கு உள்வேலை செய்து தரும் ஒரு கம்பெனியில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். கதவு, அலமாரி, சமையலறை மேடை என்று பட்டறையில் செய்து கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். அவர்களுடைய விசா, லீவு, கேம்ப், கேட் பாஸ் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். எந்தத் தாள் எந்த ஜன்னலில் எத்தனை நகலோடு கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்டால் தலை நிமிராமல் சொல்லுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தத் திறமை இல்லாதிருந்தால் இதில் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

மரப்பட்டறையின் ஃபோர்மேன் ஸ்ரீநகர்க்காரர். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே கூப்பிடுவோம். அக்ரூட் மரத்தில் இலையும் கொடியும் செதுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். எங்களிடம் வந்து ஒட்டுப்பலகையில் கதவு அறுத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் பேசிக்கொண்டது பட்டறை இந்துஸ்தானியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு மூன்று பெண்கள். முதல் இரண்டு பேரின் கல்யாணத்தையும் அவர் தொலைபேசியில்தான் கேட்டார். "கேட்டார்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் அவருடைய தம்பி, நீளமான ஒயரோடு போனை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்திருக்கிறார். பெண்கள் பாடுவது காற்றில் சரியாகக் கேட்கவில்லையாம். சமையல்காரர்கள் கல்லின்மேல் கறியை இடிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டதாம்.

முதல் கல்யாணத்தின்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. இரண்டாவது கல்யாணத்துக்கு முறையாக லீவுக்கு விண்ணப்பித்தார். இணைத்திருந்த கல்யாணப் பத்திரிகை உருதுவில் இருந்தது. "மொழிபெயர்ப்பு இணைக்கவும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நான்தான் திருப்பி அனுப்பினேன். மொழிபெயர்ப்பு வந்து, சைட் மேனேஜர் ஒப்புதல் வந்து, டிக்கெட் போடும் நிலைக்கு வந்தபோது பெண் புகுந்த வீட்டில் இரண்டாவது வாரத்தில் இருந்தாள்.

ஒருமுறை இதைப் பற்றி அவரிடம் நானே பேச்செடுத்தேன்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருந்தது, ஸாப்" என்றார். "ரெண்டு தடவை படிச்சேன்."



மூன்றாவது பெண்ணுக்கு அமைந்த மாப்பிள்ளை, ஷார்ஜாவில் சால்வைக் கடை வைத்திருந்த காஷ்மீரி ஒருவரின் மகன். அந்தக் குடும்பமே அங்கே இருந்ததால் நிக்காஹ் இங்கேயே நடக்கட்டும் என்றார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு அது மனக்குறை. உஸ்தாத் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றார். அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவர் நின்று பரிமாற இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அவர் மனைவிக்கும் பெண்ணுக்கும் விசிட் விசா நான் எடுத்தேன். ஒன்பது நாளில் வந்தது. இணைப்புகள் எல்லாம் மொழிபெயர்ப்போடு இருந்தன.

காஷ்மீரிகளின் கல்யாண விருந்துக்கு வாஸ்வான் என்று பெயர். சமைப்பவர் வாஸா. நான்கு பேருக்கு ஒரு பெரிய செம்புத் தட்டு. அதைத் திராமி என்பார்கள். நால்வரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். சோற்றின்மேல் ஆட்டிறைச்சி வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கடைசியில் வருவது கோஷ்தாபா. தயிர்க் குழம்பில் கிடக்கும் பெரிய இறைச்சி உருண்டை. அது வந்தால் விருந்து முடிந்தது என்று பொருள். அது பஞ்சுபோல் வந்தால் பெண் வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். வராவிட்டால் அதற்கு முன்னால் பரிமாறிய இருபது வகையும் கணக்கில் சேராது.

அது பஞ்சுபோல் வருவதற்கு ஒரே வழிதான் உண்டு. அறுத்த ஆட்டின் தொடைக்கறியை, உடல் சூடு ஆறுவதற்குள் கல்லின்மேல் வைத்து மரக் கொட்டாப்புளியால் இடிக்க வேண்டும். நரம்பை உருவிப் போட்டு, கொழுப்பைச் சேர்த்து, பசையாகும்வரை இடிக்க வேண்டும். சூடு ஆறிக் கறி விறைத்துவிட்டால் பிறகு நாள் முழுக்க இடித்தாலும் பயனில்லை.

நிச்சயத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா தேநீருக்குப் பட்டறைப் பக்கம் வந்திருந்தார். நானும் இருந்தேன். பேச்சு விருந்துக்கு வந்தது.

"இங்க செய்யற கோஷ்தாபாவைத் தரையில போட்டா கூரைவரைக்கும் எகிறும்னு சொல்றாங்களே, உஸ்தாத்" என்றார் சிரித்துக்கொண்டே. "பசங்க கிரிக்கெட் ஆட ஆகும்."

"எங்க வீட்டுது எகிறாது."

"ரூவியில அந்தக் கல்யாணம் நினைவிருக்கா? ஃப்ரீசர் கறியில பண்ணாங்க. ஏழு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணை இன்னும் ரப்பர் வீட்டுப் பொண்ணுன்னுதான் சொல்றாங்க. நான் சொல்லலை. ஜனங்க சொல்றாங்க."

உஸ்தாத் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

வாஸா கிடைத்தார். துபாயில் ஒரு ஓட்டலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர். பரம்பரையாக வாஸா குடும்பம். அவருடைய ஓட்டல் முதலாளிக்கு நான் ஒரு கடிதம் எழுதி இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவர் தன்னோடு மூன்று உறவினர்களையும் அழைத்து வந்தார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் வாஸா விறகைத்தான் கேட்டார். எங்களிடம் மலைபோல் துண்டு மரம் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக் கீழே போட்டார். "எல்லாம் பசை நாத்தம். இதுல சமைச்சா மாப்பிள்ளை வீட்டார் அலமாரி தின்ன மாதிரி எழுந்து போவாங்க." கடைசியில் வெளியிலிருந்து விறகு வாங்கினோம். முற்றத்தில் தீ மூட்டத் தீயணைப்புத் துறையின் அனுமதியை மூன்று நாளில் எடுத்தேன். கிடங்கிலிருந்து பலகைகளை நகர்த்தி, கம்பளம் விரித்து, மேலே வெள்ளைத்துணி போட ஏற்பாடாயிற்று. இடிகல்லுக்கு, ஒரு வீட்டுச் சமையலறைக்காக அறுத்து அளவு தவறிப்போன கிரானைட் பலகை இருந்தது. வாஸா அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

கொட்டாப்புளிகளை உஸ்தாத் தானே செய்தார். ஒரு பங்களாக் கதவு வேலையில் மிஞ்சிய அக்ரூட் மரத்தை எப்போதிருந்தோ தன் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் கடைந்து நான்கு கொட்டாப்புளி முடித்தார். பட்டறையிலிருந்து பொருள் வெளியே போக கேட் பாஸ் வேண்டும். "மரக் கொட்டாப்புளி, நான்கு, திரும்பி வராதவை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொருளின் உபயோகம் என்ற கட்டத்தில் "திருமணம்" என்று எழுதினேன். செக்யூரிட்டி மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருந்தான்.

அறுப்புக்கூடம் பட்டறையிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், நகரத்துக்கு வெளியே ஆட்டுச்சந்தையை ஒட்டி இருந்தது. எந்த ஊருடையது என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். முக்கால் மணி நேரத்தில் கறி விறைத்துவிடும் என்பதால் இடிப்பதை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்றார் வாஸா.

உஸ்தாத்தும் கம்பெனி லாரி ஓட்டுநரும் போய்க் கேட்டார்கள். ஓட்டுநர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். அங்கே பொறுப்பில் இருந்த கால்நடை மருத்துவர் ஒரு சூடானி, வயதானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள். கடைசி மேடையில் இடியுங்கள். எட்டு மணிக்குள் கழுவிவிட்டுப் போங்கள். கலாஸ், அவ்வளவுதான்" என்றாராம்.

அன்று மாலை இருவரும் என் அறைக்கு வந்து இதைச் சொன்னார்கள். உஸ்தாத்தின் முகம் தெளிந்திருந்தது.

"எழுத்தில் கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னார், ஸாப்."

"வியாழக்கிழமை அவர் லீவில் போய்விட்டால்? வேறு ஒருவர் டியூட்டியில் இருந்தால்?"

உஸ்தாத் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் தமிழில், "சார், சும்மா இருங்க சார். அவரு நல்ல மனுசன். ஆட்டத் தூக்கிட்டுப் போனமா, இடிச்சமா, வந்தமானு முடிஞ்சு போகும். எழுதிக் கேட்டா எந்த ஊர்ல சார் குடுத்திருக்கான்?" என்றார்.

"வாய்ச்சொல் காற்றோடு போகும்" என்றேன். லீவு விண்ணப்ப விஷயத்தில் இவருக்குப் பட்ட கடனை இந்த ஒரு தாளில் தீர்த்துவிடலாம் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதனால் கடிதத்தை மிக நன்றாக எழுதினேன். அரபியில் மொழிபெயர்த்து, இடிக்கும் மேடையின் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றும், கிரானைட் பலகையின் அளவும், வாஸா முதலான நான்கு பேரின் மருத்துவச் சான்றும் இணைத்தேன். அறுப்புக்கூடத்தை நடத்தும் நகராட்சியின் தலைமை அலுவலகத்தில் கொடுத்து வரவு எண் வாங்கினேன். வெளியே வந்தபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மருத்துவர் எனக்கு போன் செய்தார். மேலாளரை அரபியில் அழைப்பதுபோல் 'முதீர்' என்றே ஆரம்பித்தார்.

"முதீர், நீங்கள் கடிதம் எழுதினீர்களா?"

"ஆமாம், டாக்டர்."

"ஏன் எழுதினீர்கள்?"

பதிலுக்கு வரவு எண்ணைச் சொன்னேன்.

"என்னிடம் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் இப்போது ஃபைல் திறந்துவிட்டது. பதில் வரும்வரை உங்கள் ஆட்களை இடிக்க நான் கேட்டுக்குள் விட முடியாது. கடிதம் இல்லாவிட்டால் விட்டிருப்பேன். மன்னிக்க வேண்டும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். ஃபைல் சுகாதாரப் பிரிவில் இருந்தது. அதற்கடுத்த நாள் சட்டப் பிரிவுக்குப் போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னேன்.

"திரும்பப் பெற மூல ஃபைல் இங்கே இருக்க வேண்டும்" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்.

"எப்போது இங்கே வரும்?"

"பதில் தயாரானதும்."

"பதில் தயாரான பின் எதைத் திரும்பப் பெறுவது?"

"அதுதான்" என்றார் அவர், நான் புரிந்துகொண்டதில் மகிழ்ந்து.

உஸ்தாத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் அப்போது ரம்பத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, ரம்பத்தை நிறுத்தாமலே, "ஃப்ரீசர் கறிக்குச் சொல்லிடட்டுமா, ஸாப்?" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சொல்லாதீர்கள். நாலு நாள் கொடுங்கள்."

"உங்ககிட்ட நான் எப்பவும் நாள் கொடுத்துத்தானே இருக்கேன்" என்றார்.

அவர் மனைவியும் பெண்ணும் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தார்கள். விசா நகல் கொடுக்க அங்கே போனபோது பெண்தான் உப்புத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள்.

"அங்கிள், ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு கோஷ்தாபாவே பிடிக்காது. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"அக்கா கல்யாணத்துல எல்லாம் நான்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சித்தப்பா கை வலிக்குதுன்னு எங்கிட்ட கொடுத்துடுவார். அப்பா ஒண்ணுமே பேச மாட்டார். கேட்டுக்கிட்டே இருப்பார். கார்டு தீர்ந்ததும் கட் ஆயிடும்."

திரும்பி வரும்போது லாரியில் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சிக்னலில் அவர் ஆரம்பித்தார்.

"சார், கோவிச்சுக்கிராதீங்க. எங்கூர்ல ஒருத்தரு இருந்தாரு. ஆத்துல குளிக்கவும் மனு எழுதுவாரு. தண்ணி வத்துற வரைக்கும் கரையிலயே நின்னாரு."

"வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்."

"நா ஓட்டத்தான் செய்றேன். இந்த லாரிய அந்த கேட்டு முன்னாடி இதுவரைக்கும் ரெண்டு வாட்டி நிப்பாட்டிருக்கேன். ஒரு பய ஏன்னு கேட்டதில்ல. நீங்க ஒரு காயிதம் எழுதுனீங்க, தொறந்த கதவு மூடிக்கிருச்சு."

"எங்கே நிறுத்தினீர்கள்?"

"கேட்டுக்கு வெளிய, சார். ஆட்ட எறக்குற எடத்துல. ஏத்தி எறக்க ஒரு மணி நேரம் நிக்கலாம்னு போர்டே வச்சிருக்கான்."

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அந்தப் பலகையையும் பார்த்தேன். கேட்டில் இருந்த பழைய பலகையை, முதலில் படித்திருக்க வேண்டியபடி, மறுபடி படித்தேன். சொந்த உபயோகத்துக்கான இறைச்சியை முத்திரையோடு உடனே எடுத்துக்கொண்டு போகலாம். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பதினைந்து அடி தூரத்தில் எங்கள் லாரி நிற்கலாம். லாரி கம்பெனியின் பெயரில் பதிவானது. அதன் முதுகில் ஒரு கிரானைட் பலகை இருப்பதைத் தடுக்கும் விதி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. எனக்குத் தெரியாத விதி இருக்க வாய்ப்பு குறைவு. என் விண்ணப்பமோ கேட்டுக்கு உள்ளே இடிப்பதைப் பற்றியது. வெளியே இடிப்பதைப் பற்றி யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமலிருக்க முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. டிசம்பர் மாதம் என்பதால் குளிர் இருந்தது. லாரியின் முதுகை முந்தின நாளே கழுவி, வெள்ளைப் பிளாஸ்டிக் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுப்பலகை நிறுத்தி, நடுவில் கிரானைட்டை இறுக்கியிருந்தார்கள். இரண்டு பீப்பாய் தண்ணீர். வாஸாவும் அவருடைய மூன்று உறவினர்களும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகளை வாஸாவே சந்தையில் முதுகைத் தடவித் தடவித் தேர்ந்தெடுத்திருந்தார். கேட்டுக்குள்ளிருந்து முதல் தொடை முத்திரையோடு வந்தது. உஸ்தாத்தே அதைத் தோளில் சுமந்து ஓடிவந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கீழே நின்றேன். ஒரு மணி நேரத்தில் ஏழு ஆட்டுத் தொடைக்கறி.

கொட்டாப்புளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் நான்கும் நான்கு விதமாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று என்று ஒழுங்காயிற்று. கனமான சத்தம், கீழே நின்ற என் காலில் தெரிந்தது. ஆடு வாங்க வந்திருந்தவர்கள் ஒரு வளையமாக நின்றார்கள். ஒரு பட்டாணியர், "கிரைண்டர்ல போட்டா அஞ்சு நிமிஷம், பாய்" என்றார். வாஸா நிமிராமல், "உன் தாடியையும் அதுலயே போட்டு எடேன்" என்றார். வளையம் சிரித்தது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மருத்துவர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். சிரிப்பு நின்றது. கொட்டாப்புளியும் நின்றது. உஸ்தாத் கையில் ஒரு தொடையோடு அப்படியே நின்றார்.

"முதீர், இதற்குத் தாள் எங்கே?"

வாகனப் பதிவு அட்டையைக் கொடுத்தேன். "லாரி எங்களுடையது. நிறுத்த ஒரு மணி நேரம் உண்டு. இறைச்சியில் உங்கள் முத்திரை இருக்கிறது. விற்பனை கிடையாது."

"இடிப்பதற்கு?"

"இடிப்பதற்கு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, டாக்டர். ஆனால் அது உள்ளே இடிப்பதற்கு."

அவர் அட்டையைப் பார்த்தார். நிறுத்தும் பலகையைப் பார்த்தார். கேட் எங்கே முடிகிறது என்று தரையையும் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு லாரியின்மேல் ஏறினார். நால்வரின் கைகளையும் திருப்பிப் பார்த்தார். கல்லின் விளிம்பில் விரலை ஓட்டி முகர்ந்தார். பீப்பாய் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என் அம்மா காய்ந்த கறியை உரலில் இடிப்பாள்" என்றார். "ஈரக் கறியை இப்படி இடித்து நான் பார்த்ததில்லை. கையை நிறுத்தாதீர்கள், ஆறிவிடப் போகிறது."

இறங்கிப் போய்விட்டார். போகும்போது கேட்டை அவரே திறந்துவைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் உஸ்தாத் தன் மொபைலை எடுத்தார். ஸ்ரீநகருக்குப் போட்டார். அங்கே இரண்டு பெண்களும் தம்பி வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கிரானைட்டின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். கை முழங்கைவரை கொழுப்பு. இரண்டு நிமிடத்தில் கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்தது. அது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

ஐம்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தோம்.

நிக்காஹ் மதியம் முடிந்தது. கிடங்கில் பெண்களுக்குத் திரை கட்டியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து உஸ்தாத்தின் மனைவியும் இன்னும் நான்கைந்து பேரும் மெதுவாக இழுத்து இழுத்துப் பாடினார்கள். செம்புக் கெண்டியும் பாத்திரமும் வரிசையில் வந்து எல்லோர் கையையும் கழுவின. உஸ்தாத் உட்காரவே இல்லை. விருந்து கொடுப்பவர் சாப்பிடக் கூடாது என்பது முறையாம்.

நான் சைவம். அதனால் எனக்குத் தனித்தட்டு வைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திராமியில் தனியாகச் சாப்பிடுவது கல்யாணத்தில் அபசகுனம் என்று உஸ்தாத் முன்கூட்டியே சைவ ஆட்களைத் தேடியிருந்தார். குஜராத்திக் கணக்கர் ஒருவர், பாலக்காட்டு வரைபடக்காரர் ஒருவர். நாலாவது ஆள் கிடைக்காமல் ஓட்டுநரை உட்கார வைத்தார். தயிரில் வெந்த தாமரைத்தண்டும், தக்காளியில் பனீரும், கீரையும் வந்தன. ஓட்டுநர் பக்கத்துத் திராமியைப் பார்த்தபடியே தின்றார்.

"சார், இந்த ஒதவிய மறக்காதீங்க" என்றார் என் காதில். "வெடியக்காலம் பூரா கறி தூக்கிட்டு வந்து, இப்பத் தண்டு திங்கிறேன்."

எங்களுக்கு நேர் எதிர்த் திராமியில் மாப்பிள்ளையின் அப்பா இருந்தார். ஒவ்வொரு வகையாக வந்து போயிற்று. அவர் எல்லாவற்றையும் மரியாதைக்காகச் சாப்பிடுகிறவரைப்போல் சாப்பிட்டார். கடைசியில் வாஸாவே கோஷ்தாபாப் பாத்திரத்தோடு வந்தார். உஸ்தாத் தூணோரம் நின்றுகொண்டார். கையில் ஒரு தண்ணீர் ஜாடி இருந்தது. யாருக்கும் ஊற்றவில்லை.

உருண்டை தட்டில் விழுந்தது. எகிறவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலுக்கு வேலையே இல்லாமல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை வாயில் போட்டார். மற்ற பாதியையும் போட்டார். யாரையும் பார்க்காமல் கையை நீட்டி, பக்கத்தில் இருந்தவரின் பங்கிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். திராமியில் அடுத்தவர் பக்கம் கை போவது பெரிய மரியாதைக் குறைவு. அதைச் செய்தபின் தான் செய்தது அவருக்கே தெரிந்து, தலை நிமிர்ந்து தூணோரம் பார்த்தார்.

உஸ்தாத் வந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"எந்த ஊர்க் கறி?" என்றார் அவர்.

"முசஃபா" என்றார் உஸ்தாத்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண் தன் உருண்டையை அம்மா பக்கம் தள்ளிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலம் போயிற்று. பெண் ஷார்ஜாவில் குடித்தனம் வைத்தாள். அம்மா விசா முடிந்து ஊருக்குப் போனார். ஒரு நாள் காலை என் மேஜையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. என் விண்ணப்பத்துக்குப் பதில். கோரிக்கை எல்லாப் பிரிவுகளாலும் பரிசீலிக்கப்பட்டது. ஆட்சேபம் இல்லை. காலை ஆறு முதல் எட்டுவரை, இணைத்துள்ள வரைபடத்தில் காட்டிய மேடையில் மட்டும். அனுமதி முப்பது நாள் செல்லும்.

பட்டறைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். உஸ்தாத் இந்த முறை ரம்பத்தை நிறுத்தினார். தூளைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"முப்பது நாளா?"

"முப்பது நாள்."

"எனக்கு இன்னொரு பொண்ணு இல்லையே, ஸாப்."

"நகல் வேண்டுமா?"

யோசித்தார். "வேணாம். என் ஃபைல்ல வைங்க. அந்த லீவு பாரத்துக்கு மேல வைங்க."

வைத்தேன். வைப்பதற்கு முன், முறைப்படி, வரவு முத்திரை குத்தித் தேதி எழுதினேன்: செவ்வாய்க்கிழமை, 14 மார்ச் 2006.